“நன்றி அண்ணா” என்று பதில் போட்டது என் தவறா?

இந்த வாரக் கடிதம் 26 வயதுப் பெண் ஒருவருடையது. காவிரிக் கரை மாவட்டம் ஒன்றில், கலைக்கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, நீளமான கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

ஆய்வகத்தில் உள்ள 40 கணினிகளையும் லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றும் வேலை இவர் தலையில் விழுந்தது. பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அதனால் கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேசும் தமிழ் டெலிகிராம் குழு ஒன்றில் சேர்ந்தார். 1,400 பேர் இருக்கும் குழு. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று முதல் கேள்வியைப் போட்டதும், “கூகுள் பண்ணத் தெரியாதா?” என்றார் ஒருவர். “பொண்ணு பேரைப் பார்த்ததும் எத்தனை பேர் ஓடி வர்றாங்கன்னு பாருங்க” என்றார் இன்னொருவர். மாலைக்குள் 9 பேர் தனிச்செய்தி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் மட்டும் பிரிண்டருக்கு உண்மையிலேயே வழி சொன்னார். இவரும் “நன்றி அண்ணா” என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் போட்டார்.

அந்த ஒருவர்தான் பிரச்சினை ஆனார். “சாப்டாச்சா?” என்று ஆரம்பித்தது, “ஆன்லைன்ல இருந்துக்கிட்டே ஏன் பதில் போடல?” என்று நள்ளிரவு ஒரு மணிக்குக் கேட்பதில் போய் நின்றது. வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேச விருப்பமில்லை என்று இவர் எழுதினார். நிற்கவில்லை. பிளாக் செய்தார். வேறு கணக்கில் வந்தார். இரண்டாவது முறை பிளாக் செய்தபோது, “உன் போட்டோ என்கிட்ட நிறைய இருக்கு, பாத்துக்க” என்று ஒரு செய்தி வந்திருந்தது. மறுநாள் இவருடைய டிபி படத்தை வெட்டி, இரட்டை அர்த்தத்தில் ஒரு வரி சேர்த்து, ஸ்டிக்கராகக் குழுவில் போட்டுவிட்டார். பலர் சிரித்தார்கள். சிலர் அதே ஸ்டிக்கரைத் திரும்பப் போட்டார்கள். அட்மினிடம் முறையிட்டபோது கிடைத்த பதில்: “சிஸ்டர், இது குரூப்புக்கு வெளியே நடந்த பர்சனல் விஷயம். லைட்டா எடுத்துக்கங்க.”

இவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் குழுவைவிட்டு வெளியேறினார். இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. ஆனால் ஆய்வக வேலை பாதியில் நிற்கிறதே! வேறொரு எண்ணில் “கதிர்” என்ற பெயரில் மறுபடி சேர்ந்தார். தமிழ்99 விசைப்பலகை அமைப்பது பற்றி முன்பு தன் பெயரில் இவர் எழுதிய விளக்கத்தை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அதையே கதிர் எழுதியபோது, “செம ப்ரோ, இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல” என்று பாராட்டு குவிந்தது. “அன்று ராத்திரி முழுக்க அழுதேன் மேடம். திட்டியபோதுகூட அப்படி அழவில்லை” என்று எழுதியிருக்கிறார்.

தை மாதம் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, அவரிடம் சொல்லிவிடலாமா என்று தவிக்கிறார். அண்ணன் “அந்த ஃபோனைத் தூக்கிப் போடு” என்கிறார். இவர் என்னிடம் கேட்பவை: பேச்சுக் கொடுத்தது என் தவறா? அட்மின் மேல் வழக்குப் போட முடியுமா? கல்லூரியின் விசாகா கமிட்டிக்குப் போகலாமா? எல்லாவற்றையும் அழித்துவிட்டேனே, இனி என்ன ஆதாரம்? ஆண் பெயரில் கணக்கு வைத்திருப்பதற்காக என்மேல் கேஸ் வருமா? கடைசியாக ஒன்று: “என் ஆய்வகத்து மாணவி ஒருத்தி, ‘அக்கா, அந்தக் குரூப்ல நானும் சேரட்டுமா?’ என்று கேட்கிறாள். என்ன சொல்வது?”

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு முதலில் பதில். உங்கள் தவறு இல்லை. உதவி செய்தவருக்கு நன்றி சொன்னீர்கள். வீட்டில் நமக்குச் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. கடிதத்தில் அந்த “நன்றி அண்ணா”வைப் பற்றி நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஸ்டிக்கரைப் பற்றி இரண்டு இடத்தில்தான். இதுபோன்ற வழக்குகளோடு என்னிடம் வரும் பெண்களில் பலர் இப்படித்தான், நடந்ததைச் சொல்வதற்கு முன்பே தங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். அதிலிருந்து முதலில் இறங்கி வாருங்கள். பிறகு மற்றதைப் பேசுவோம்.

சட்டம் எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 78ஆவது பிரிவு பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைப் பற்றியது. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும், நெருக்கத்தை வளர்த்துக்கொள்வதற்காக ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டால் அது குற்றம். அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் அதே பிரிவில் வருகிறது. ஆக, சட்டம் உங்கள் “நன்றி”யிலிருந்து எண்ணுவதில்லை. “வேலை விஷயம் தவிர வேறு எதுவும் பேச விருப்பமில்லை” என்று எழுதினீர்களே, அந்த வரியிலிருந்து எண்ணுகிறது. அதற்கு முன்னால் நீங்கள் சிரித்துப் பேசியிருந்தாலும், ஒரு மாதம் நட்பாகப் பழகியிருந்தாலும்கூட இதுதான் நிலை. வேண்டாம் என்று சொன்ன பிறகு, பிளாக்கும் செய்த பிறகு, வேறு கணக்கில் வந்தாரே, அதுதான் குற்றத்தின் மையம்.

முதல் முறை செய்தவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை. திரும்பவும் செய்து தண்டனை பெற்றால் ஐந்து ஆண்டுவரை. ஆனால் முதல் முறை ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்’ என்ற எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றமாக இருக்கும்.

ஸ்டிக்கர் தனி விஷயம். பாலியல் சாயல் கொண்ட கருத்துச் சொல்வது 75ஆவது பிரிவிலும், ஒரு பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லாலோ சைகையாலோ பொருளாலோ செய்வது 79ஆவது பிரிவிலும் வருகின்றன. “போட்டோ நிறைய இருக்கு, பாத்துக்க” என்பது மிரட்டல். அதற்கு 351ஆவது பிரிவு. இனி ஒருவேளை உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றி வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளும் சேர்ந்துகொள்ளும். அப்படி உருமாற்றிய படத்தைப் பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021இல் வந்த விதிகள் வைத்தன. அந்த அவகாசத்தை இன்னும் குறைக்கும் பக்கம்தான் விதிகள் போகின்றன.

ஸ்டிக்கரைத் திரும்பப் போட்டவர்கள் “நான் செய்யலையே, ஃபார்வர்ட்தானே பண்ணினேன்” என்பார்கள். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றைப் பகிர்ந்த முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரும் இதையேதான் சொன்னார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு செய்தியைப் பகிர்கிறவர் அதை ஏற்றுக்கொண்டவராகவே கருதப்பட வேண்டும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அந்த வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது.

அதே நேரம், “கூகுள் பண்ணத் தெரியாதா?” என்பது குற்றமாகாது. “பொண்ணு பேரைப் பார்த்ததும்...” என்ற பேச்சும் அநேகமாக ஆகாது. மனதை நோகடிக்கும் செய்தி அனுப்பினாலே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் போடலாம் என்று உங்கள் தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே செல்லாது என்று அறிவித்துவிட்டது. யாராவது அந்தப் பிரிவைச் சொல்லி உங்களுக்கு மனு எழுதித் தர முன்வந்தால், அவரிடம் எழுத வேண்டாம்.

அட்மினும் விசாகா கமிட்டியும்

அட்மின் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கும் அந்தப் பதிலைப் படித்தபோது அதே கோபம்தான் வந்தது. ஆனால் அவர்மேல் வழக்கு நிற்காது. குழுவில் மற்றவர் போட்டதற்கு, அட்மினாக இருந்த ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றமும் 2022இல் அப்படியே சொன்னது. அட்மின் அந்த ஸ்டிக்கரைத் தானே போட்டிருந்தாலோ, சேர்ந்து திட்டமிட்டிருந்தாலோ நிலைமை வேறு.

விசாகா கமிட்டி என்று நாம் இன்னும் சொல்வது, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடங்களில் இருக்கும் உள்ளகக் குழு. அந்த ஆள் உங்கள் கல்லூரி ஊழியர் இல்லை, அந்த டெலிகிராம் குழுவும் கல்லூரியுடையது இல்லை என்பதால் உள்ளகக் குழு அவரை அழைத்து விசாரிக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். வேலைக்காகத்தான் அந்தக் குழுவில் சேர்ந்தீர்கள்; போலீஸ் புகார் கொடுப்பதென்றால் கல்லூரியின் உதவியைக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. கேட்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆக, அட்மினைச் சட்டம் தொடாது. ஆனால் ஒரு பெண்ணுக்கு அந்த இடம் எப்படிப்பட்டது என்பதைத் தீர்மானிக்கிறவர் அவர்தான். ஸ்டிக்கரை நீக்க அவருக்கு ஒரு விநாடி போதும். அந்த ஆளை வெளியேற்ற இன்னொரு விநாடி. “குரூப்புக்கு வெளியே நடந்தது” என்றார். அந்த ஸ்டிக்கர் எங்கே போடப்பட்டது? உங்கள் பெயரும் எண்ணும் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன? பெண்களை வரவேற்கிற குழு என்பதை “வாங்க சிஸ்டர், வணக்கம்” என்று பூங்கொத்துப் பொம்மை போடுவதில் நான் பார்ப்பதில்லை. ஒரு பெண் முறையிடுகிற அன்று அட்மின் என்ன செய்கிறார் என்பதில் பார்க்கிறேன். உங்கள் குழு அன்று தோற்றுப்போனது. நீங்கள் தோற்கவில்லை.

அழித்த பிறகும் மிச்சமிருப்பது

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். அதே சமயம் நீங்கள் நினைப்பதைவிட நிலைமை நல்லபடியாகவே இருக்கிறது. தனிச்செய்திகளை அழித்துவிட்டீர்கள், சரி. குழுவில் போட்ட ஸ்டிக்கர்? இன்னும் அங்கேதான் இருக்கிறது, சிலர் இப்போதும் பயன்படுத்துகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கதிரின் கணக்கிலிருந்து பார்க்க முடிகிறது. அப்படியானால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். டெலிகிராமில் ஒருவர் தனியரட்டையில் அனுப்பிய செய்தியை இரண்டு பக்கமும் மறையும்படி அழித்துவிட முடியும். குழுவில் போட்டதையும் அவரே எல்லோருக்குமாக அழிக்க முடியும். ‘என் ஃபோனில் இருக்கிறது, எங்கே போய்விடும்’ என்ற நம்பிக்கை இங்கே உதவாது.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதி, நேரம், குழுவின் பெயர், அனுப்பியவரின் கணக்கு எல்லாம் தெரியும்படி எடுங்கள். அதோடு நிறுத்தாமல், கணினியில் டெலிகிராம் டெஸ்க்டாப் செயலி வழியாக அந்த அரட்டையை முழுவதுமாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். கணினித் துறையில் இருக்கும் உங்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. பயனர் பெயரை ஒருவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் கணக்குக்கு டெலிகிராம் தரும் அடையாள எண் மாறாது. JSON வடிவில் ஏற்றுமதி செய்தால் கோப்பில் அந்த எண் பதிவாகும். கோப்பைத் திறந்து எதையும் திருத்தாதீர்கள், வட்டம் போட்டுக் காட்டுவதற்காகக்கூட. வேண்டுமானால் நகலில் செய்யுங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்ட, பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பழைய ஃபோனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். அண்ணன் சொன்னாலும் தூக்கிப் போட வேண்டாம்.

அப்புறம், முறையிட்டீர்களே, அட்மினுக்கு அனுப்பிய அந்தச் செய்தி இருக்கிறதா பாருங்கள். அன்று நடந்ததை அன்றே நீங்கள் எழுதியது அது. தோழிக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பும் அதே போலத்தான். நினைவிலிருக்கும் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 78, 79ஆவது பிரிவுகளில் வரும் குற்றங்களுக்கு நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அதனால் நிதானமாக முடிவெடுக்கலாம் என்று தோன்றும். ஆனால் ஒருவர் தன் கணக்கையே மூடிவிட்டால், அவருடைய பதிவு விவரங்களை நிறுவனம் 180 நாள் வைத்திருந்தால் போதும் என்கின்றன விதிகள். உங்களுக்கு ஏற்கெனவே மூன்று மாதம் ஓடிவிட்டது. ‘டெலிகிராம் போலீசுக்கு எதுவும் தராது’ என்று கேள்விப்பட்டதாகச் சொல்கிறீர்கள். அதன் நிறுவனர் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதானதை அடுத்து, சட்டப்படி முறையான கோரிக்கை வந்தால் ஐபி முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தருவோம் என்று அந்த நிறுவனமே செப்டம்பரில் தன் விதிகளை மாற்றிக்கொண்டது.

ஸ்டேஷனுக்குப் போவதும் போகாமல் இருப்பதும்

புகார் கொடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் உங்களுக்குக் கட்டளை போட மாட்டேன். இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

புகார் கொடுப்பதென்றால் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம்; எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. மின்னணு வழியாக அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். மேலே சொன்ன 75, 78, 79 பிரிவுகளில் வரும் புகாரைப் பாதிக்கப்பட்ட பெண்ணிடமிருந்து பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். சாட்சி விசாரணைக்காகப் பெண்களை அவர்கள் வீட்டைத் தவிர வேறு இடத்துக்கு வரச்சொல்லக் கூடாது என்று, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களாகவே நிலையத்துக்குப் போக விரும்பினால் போகலாம். மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் அங்கே புகார் கொடுக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்தால் என்ன ஆயிற்று என்று பின்தொடர முடியாது. 1930 என்ற எண் பண மோசடிக்கானது. உங்கள் விஷயத்துக்கு 181 பெண்கள் உதவி எண்தான் பொருத்தம்.

நம் ஊரில் நடைமுறையில் இன்னொரு வழியும் உண்டு. எஃப்.ஐ.ஆர். பதியாமல், மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போட்டு, அந்த ஆளை வரவழைத்து, இனித் தொடர்பு கொள்ள மாட்டேன் என்று எழுதி வாங்குவது. கைது செய்யத் தகுந்த குற்றம் நடந்திருப்பதாகப் புகார் சொன்னால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்பதுதான் 2013 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலை. உங்களை சி.எஸ்.ஆரோடு போகச் சொல்லி வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் வழக்கு வாய்தா என்று அலைய விரும்பாத பல பெண்கள் அந்த வழியைத் தாங்களாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று நான் நினைப்பதில்லை. எழுதிக்கொடுத்த பிறகும் அவர் வந்தால், அந்தத் தாளே உங்கள் அடுத்த புகாரின் முதல் பக்கமாகிவிடும்.

சரி, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். இதில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பாலியல் வல்லுறவு வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவதே குற்றம். உங்கள் புகாரில் வரக்கூடிய பிரிவுகளுக்கு அந்தக் காப்பு தானாக வராது. ஆனால் பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகளின் எஃப்.ஐ.ஆரை இணையத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லியிருக்கிறது. மனுவிலேயே அதை எழுதிக் கேளுங்கள். தொடர்புக்கு வீட்டு எண்ணைக் கொடுக்காமல் உங்கள் எண்ணையே கொடுங்கள்.

நிச்சயம் செய்யப்போகிறவரிடம் சொல்லலாமா என்பது சட்டக் கேள்வி இல்லை. ஆனாலும் நீங்கள் கேட்டதால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். யாரோ ஒருவர் அந்த ஸ்டிக்கரை அவருக்கு அனுப்பி அவர் தெரிந்துகொள்வதைவிட, நீங்கள் சொல்லி அவர் தெரிந்துகொள்வது நல்லது. “போட்டோ இருக்கு, பாத்துக்க” என்ற மிரட்டலுக்குப் பலமே, நீங்கள் மறைப்பீர்கள் என்ற நம்பிக்கைதான். சொல்லும்போது மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள். பேருந்தில் ஒருவன் தொல்லை கொடுத்ததை எப்படிச் சொல்வீர்களோ அப்படிச் சொல்லுங்கள். அண்ணனிடமும் அப்படியே. ஃபோனைத் தூக்கிப் போடச் சொல்வது தங்கையைக் காப்பாற்றும் அக்கறையில்தான். ஆனால் உங்கள் வேலையும் படிப்பும் அந்த ஃபோனில் இருக்கின்றன என்பதை அவருக்கு நீங்கள்தான் பொறுமையாகப் புரியவைக்க வேண்டும்.

புகாரே கொடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அவர் இப்போது தொடர்பு கொள்வதில்லை என்கிறீர்கள். ஆதாரத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, மறுபடி ஒரு செய்தி வந்தால் அன்றே போவேன் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய படத்தையும் எண்ணையும் பொதுவில் போட்டு நாறடிப்பது, நண்பர்களை விட்டு மிரட்டுவது இரண்டும் வேண்டாம். அவதூறு, மிரட்டல் என்று உங்கள் பக்கமே வழக்குத் திரும்பிவிடும், நான் பார்த்திருக்கிறேன். பணம் இல்லை என்று எந்த முடிவையும் எடுக்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கதிர்

ஆண் பெயரில் கணக்கு வைத்திருப்பது குற்றமில்லை. இன்னொரு உண்மையான ஆளின் அடையாளத்தைத் திருடினாலோ, அந்தப் பெயரைக் காட்டி யாரையாவது ஏமாற்றினாலோதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகள் வரும். மனைவி பெயரில் எழுதிப் புகழ்பெற்ற ஆண் எழுத்தாளர்கள் தமிழில் உண்டு. அவர்களை யாரும் மோசடிக்காரர்கள் என்று சொன்னதில்லை.

ஆனால் அன்று ராத்திரி நீங்கள் அழுததற்குச் சட்டத்தில் பதில் இல்லை. அதற்கு எனக்குத் தெரிந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2006இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், அரட்டை அறைகளில் ஆண் பெயரும் பெண் பெயரும் வைத்த கணக்குகளை விட்டுப் பார்த்தார்கள். பெண் பெயர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 100 கீழ்த்தரமான, மிரட்டும் செய்திகள் வந்தன. ஆண் பெயர்களுக்கு 3.7. அப்புறம், பலர் சேர்ந்து மென்பொருள் எழுதும் கிட்ஹப் தளத்தில் நிரல் திருத்தங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரை. அதில் பெண்கள் அனுப்பிய திருத்தங்கள் மொத்தத்தில் ஆண்களுடையதைவிடக் கூடுதல் விகிதத்தில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் ஒரு திட்டத்துக்குப் புதிதாக வெளியிலிருந்து வருகிற பெண்களுக்கு, அவர்கள் பெண் என்பது சுயவிவரத்தில் தெரிந்தால் அந்த விகிதம் இறங்கியது. தெரியாதவரை உயர்ந்து நின்றது. தமிழ்99 விளக்கம் எழுதியபோது உங்களுக்கு நடந்ததும் இதேதான். விளக்கத்தில் குறையில்லை. கதிருக்குக் கிடைத்த பாராட்டு முழுவதும் உங்களுடையது, அதைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதிராகவே இருக்கலாமா? இருக்கலாம், உங்கள் 40 கணினி வேலை முடியும்வரையாவது. அது ஒளிந்துகொள்வது என்று யாராவது சொன்னால், மழைக்குக் குடை பிடிப்பதும் ஒளிந்துகொள்வதுதானா என்று கேளுங்கள். ஒரு விலை உண்டு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்: நீங்கள் அங்கே செய்வதெல்லாம் கதிரின் பெயரில் சேரும். நாளைக்கு வேலைக்கோ மேற்படிப்புக்கோ ‘இதெல்லாம் நான் செய்தது’ என்று காட்ட முடியாது. அதனால் இன்னொரு இடத்திலாவது உங்கள் சொந்தப் பெயர் புழங்கட்டும். லினக்ஸ் உலகில் பெண்களுக்கென்று லினக்ஸ்சிக்ஸ் என்ற குழு 1998இலேயே தொடங்கப்பட்டது. அது வைத்தது இரண்டே விதிகள்: மரியாதையாக இரு, உதவியாக இரு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் திட்டத்தில் 2004 முதல் டெபியன் விமன் என்ற முயற்சி நடந்தது. பைதான் என்ற நிரல் மொழிக்காரர்களிடையே பைலேடிஸ் குழுக்கள் ஊர் ஊராக இருக்கின்றன, சென்னையிலும் உண்டு. அமெரிக்காவில் நடக்கும் பைதான் மாநாட்டில் 2011இல் பேசியவர்களில் பெண்கள் ஏறத்தாழ 1 சதவீதம். 2016இல் 40 சதவீதம். ஐந்து ஆண்டில் பெண்களின் மூளை மாறிவிடவில்லை. நடத்துகிறவர்கள் பெண்களைத் தேடிப்போய்ப் பேச அழைத்தார்கள், நடத்தை விதிகளை எழுதி வைத்தார்கள், முறையிட்டால் கேட்க ஆள் வைத்தார்கள். “டெக்னிகல் குரூப் பெண்களுக்கு ஒத்துவராதோ” என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

உங்கள் மாணவிக்கு

‘போகாதே’ என்று சொல்லாதீர்கள். அண்ணன் உங்களிடம் சொன்னதையே நீங்கள் அவளிடம் சொன்னதாகிவிடும். ‘தைரியமாகப் போ’ என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் சரியில்லை. சேருவதற்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் குழுவின் பழைய செய்திகளைப் படியுங்கள். விதிகள் மேலே பின் செய்யப்பட்டிருக்கின்றனவா? தனிச்செய்தி அனுப்பும் முன் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறதா? சொந்தப் பெயரில் பெண்கள் யாராவது பதில் சொல்கிறார்களா, கேள்வி மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போகிறார்களா? அட்மின்களில் ஒரு பெண்ணாவது உண்டா? தப்பாகப் பேசிய யாரையாவது வெளியேற்றிய தடயம் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு இந்தக் குழுவில் என்ன பதில் என்று உங்களுக்கே தெரியும். வேறு குழு ஒன்றைச் சேர்ந்து தேடுங்கள்.

எதில் சேர்ந்தாலும், அதற்கு முன்பே அவள் ஃபோனில் டெலிகிராம் அமைப்புகளைத் திறந்து, தொலைபேசி எண்ணை யாரும் பார்க்க முடியாதபடியும், சுயவிவரப் படம் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் மாற்றிக் கொடுங்கள். முதல் கேள்வியை அவள் போடும் அன்று நீங்களும் அந்தக் குழுவில் இருங்கள். “கூகுள் பண்ணத் தெரியாதா?” என்று யாராவது கேட்டால், அடுத்த நிமிடமே அவள் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதுங்கள். அதை உங்கள் சொந்தப் பெயரில் எழுதுவதா, கதிர் பெயரில் எழுதுவதா என்பதை அன்று முடிவு செய்துகொள்ளலாம்.